குதிரை வீரனின் வார்

சாருலதாவுக்கு மனிதர்களோடு பேசுவதென்றால் வேப்பங்காய். பம்பாயை ஒட்டிய வாஷியில் ஒரு கல்லூரியில் வரலாறு நடத்துகிறாள். நாயக்கர் காலத்து வரிகளைப் பற்றி வகுப்பில் மூச்சுவிடாமல் பேசுவாள். ஆனால் மாட்டுங்காவில் தன் கட்டடத்து லிஃப்டில் யாராவது நின்றால், படியேறிப் போய்விடுவாள். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது, கல்யாணம் ஆகவில்லை. அந்தக் காலத்தில் பெண் பார்க்க வந்தவர்கள், இவள் எப்போது வாயைத் திறப்பாள் என்று காத்திருந்து, பஜ்ஜி தீர்ந்ததும் எழுந்து போனார்கள்.

அப்பேர்ப்பட்டவளுக்கும் மனசில் ஓர் ஆள் இருந்தார். அதே கட்டடத்தில் இரண்டாம் மாடி சந்திரமௌலி. மனைவியை இழந்தவர். அவருக்கும் வாஷியில்தான் ஆபீஸ். சாயங்காலம் ஒரே ரயிலில் திரும்புவார்கள், அவள் லேடீஸ் பெட்டியில், அவர் ஜெனரலில். கிங்ஸ் சர்க்கிள் ஸ்டேஷனில் இறங்கி அவள் வெளியே வரும்போது, அவர் வாசலில் குனிந்து ஷூ லேஸைக் கட்டிக்கொண்டிருப்பார். நிமிர்ந்ததும், "அட, நீங்களா!" என்பார். பிறகு வீடுவரை சேர்ந்து நடப்பார்கள். அவர் பேசுவார், இவள் கேட்பாள். அந்த நடைக்காகத்தான் அவள் லீவுகூடப் போடுவதில்லை.

சொல்ல வாய் வராததால் நாவலாக எழுதினாள். தஞ்சை அரண்மனையில் ஓலைச்சுவடிகளே கதி என்று கிடக்கும், யாரோடும் பேசாத ஒரு பண்டிதை. அவள் மனம் பறிகொடுத்த ஒரு குதிரை வீரன். தினமும் கோட்டை வாசலில் அவனுடைய சேணத்து வார் தளர்ந்துபோகும். அதை அவன் இறுக்கி முடிக்கவும் அவளுடைய பல்லக்கு வரவும் சரியாக இருக்கும். அந்த மட்டமான தோல் வாருக்குப் பண்டிதை மனசுக்குள் நன்றி சொல்வாள்.

இதையெல்லாம் தைரியமாக எழுதியதற்குக் காரணம், சந்திரமௌலிக்குத் தமிழ் பேசத் தெரியுமே தவிரப் படிக்கத் தெரியாது. பம்பாயிலேயே பிறந்து வளர்ந்தவர். புத்தகம் வெளிவந்தது. கட்டடமே பாராட்டியது, ஒருவரும் படிக்கவில்லை. சாருலதாவுக்குப் பரம நிம்மதி.

அந்த நிம்மதி ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் போயிற்று. சந்திரமௌலி புத்தகமும் கையுமாக வந்து நின்றார்.

"காசு குடுத்து வாங்கிட்டேன். ஆனா எனக்கு ஒரு எழுத்தும் தெரியாதே. நீங்களே வாசிச்சுக் காட்டுங்கோ."

"கதையைச் சுருக்கமாச் சொல்லிடறேனே?"

"அதெல்லாம் முடியாது. முழுசாக் கேக்கணும்."

ஞாயிறுதோறும் வாசிப்பு நடந்தது. கோட்டை வாசல் அத்தியாயம் நெருங்க நெருங்க அவளுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. மனுஷனுக்குப் புரிந்துவிட்டால் நாளையிலிருந்து வேறு ரயிலில் போவார். அந்த நடையும் போய்விடும். நாலு பக்கத்தைத் தாண்டிவிட்டால் அவருக்கு எங்கே தெரியப்போகிறது? ஆனால் கல்வெட்டில் ஒரு வரியை விட்டுப் படித்த மாணவனை வகுப்பிலிருந்து வெளியே அனுப்பியவள் அவள். விட்டுப் படிக்க மனசு வரவில்லை. முழுவதையும் வாசித்தாள். தலை நிமிரவில்லை.

அவர் கடைசி வரி வரைக்கும் கேட்டார். பிறகு, "இதுல ஒரு தப்பு இருக்கு" என்றார்.

பயம் போய், பண்டிதைக்குக் கோபம் வந்துவிட்டது. "என்ன தப்பு? அந்தக் காலத்துச் சேணத்துக்கு வார் உண்டு. ஆதாரம் இருக்கு, காட்டட்டுமா?"

"வார் இருந்திருக்கும். ஆனா அது ஒரு நாளும் தளர்ந்திருக்காது. சும்மா குனிஞ்சுண்டு நின்னிருப்பான்." அவர் தன் ஷூவைப் பார்த்தபடி சொன்னார். "என் லேஸும் இத்தனை வருஷத்துல அவிழ்ந்ததே இல்லே."

இவ்வளவு படித்தும் இது தெரியாமல் போயிற்றே என்று அவளுக்கு அழுகை வந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. "அடுத்த பதிப்புல திருத்திடறேன்" என்றாள்.

"பதிப்பு கிடக்கட்டும். நாளைக்கு லேஸைக் கட்டாமலே நிக்கட்டுமா?"

"நில்லுங்கோ" என்றாள் சாருலதா.