நான் நீக்கிய மரியாதையான பதிவு

தொண்ணூறுகளின் கடைசியில், மில் ஆபீஸ் விட்டதும் நான் நேராக வீட்டுக்குப் போகமாட்டேன். அம்மாவும் போய்ச் சேர்ந்த பிறகு அங்கே பேச்சுத்துணைக்குச் சுவர்தான். காந்திபுரத்தில் ஒரு மாடிப்படிக்குக் கீழே இருந்த பிரவுசிங் சென்டரில் போய் உட்கார்ந்துவிடுவேன். வெளிநாட்டில் இருந்த நம்மூர்க்காரர்கள் சிலர் இணையத்தில் ஒரு விவாத மேடை நடத்தினார்கள். ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டி அரசியலை அலசுவோம். வரம்பு மீறிய பதிவுகளை நீக்கும் வேலையை என் தலையில் கட்டினார்கள். எனக்கென்ன, கசக்கவா செய்யும்?

அமெரிக்காவிலிருந்து எழுதும் ஒரு பொறியாளர் மட்டும் தினமும் என்னை விசாரிப்பார். "ஏனுங்க அம்மணி, சாப்ட்டீங்களா?" அந்த ஒரு கேள்விக்காகவே வந்த பஸ்ஸை விட்டிருக்கிறேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் உண்மை அதுதான்.

ஒரு நாள் இரண்டு பதிவுகள் வந்தன. உடுமலைப்பேட்டைப் பக்கத்துக்காரர் ஒருவர், "அமைச்சருக்கு வெக்கமே இல்லையா? குடிக்கத் தண்ணி கேட்டா அடிக்கல்ல நட்டுப்போட்டுப் போறான்" என்று காய்ச்சியிருந்தார். இன்னொன்று நம் பொறியாளர் ஒரு பெண் கவுன்சிலரைப் பற்றி எழுதியது. "நல்ல அம்மாங்க. ஆரு கார்ல வந்து எறங்கறாங்கன்னு மட்டும் கேக்காதீங்க."

முதல் பதிவை நீக்கச் சொல்லி ஆளாளுக்குப் புகார். அமைச்சரை இப்படியா எழுதுவது, மரியாதை வேண்டாமா என்றார்கள். இரண்டாவதைப் பற்றி ஒருவரும் மூச்சுவிடவில்லை. அடேயப்பா, என்ன நாகரிகம்! அமைச்சரிடம் கேட்டது குடிதண்ணீர். அந்தப் பெண்ணிடம் கேட்டது என்ன? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் பொறியாளரின் பதிவை நீக்கக் கை வரவில்லை. இவரைப் பகைத்துக்கொண்டால் நாளைக்கு என்னை யார் விசாரிப்பார்கள்? கடைசியில் தண்ணீர்ப் பதிவை விட்டுவைத்து, அவருடையதை நீக்கினேன்.

மறுநாள் அவரிடமிருந்து மின்னஞ்சல் வந்திருந்தது. அவசரமாகத் திறந்தேன்.

"தப்பா நெனைக்காதீங்க அம்மணி. ஊட்டுல ஆருமில்லாம தனியா இருக்கறவங்களுக்கு, இப்படிப்பட்ட பொம்பளைங்க மேல பரிவு வர்றது சகஜந்தானுங்க. ஒடம்பப் பாத்துக்குங்க."

நான் தனியாக இருப்பதை அந்த மேடையில் அவரிடம் மட்டும்தான் சொல்லியிருந்தேன். திரும்பவும் படித்தேன். எங்கள் விதிகளின்படி அதில் குற்றம் சொல்ல ஒரு வார்த்தை இல்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அன்றைய பதிவுகளைத் திறந்தேன். வேறு எங்கே போவது?