பேச்சியக்கா கழுவிய குடுவைகள்

பேச்சித்தாய் போன செவ்வாய்க்கிழமை இறந்துபோனார். ஐம்பத்திரண்டு வயது. பாபநாசம் அடிவாரத்துக்காரர். எஸ்டேட்டில் தேயிலை பறித்தவர், இடுப்பு வலி வந்ததும் மலையிறங்கி, பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியின் உயிர்வேதியியல் துறையில் தினக்கூலிக்குச் சேர்ந்தார். ஆய்வகக் குடுவைகளைக் கழுவும் வேலை. 1992-இல் நான் அங்கே ஆராய்ச்சி மாணவியாகச் சேர்ந்தேன்.

சோப்பு போட்ட பிறகு குழாய்த் தண்ணீரில் ஏழு முறை, காய்ச்சி வடித்த நீரில் இரண்டு முறை அலசுவார். பிறகு ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடிப்பார். உள்ளே தண்ணீர் முத்து முத்தாக நின்றால் மறுபடி சோப்பிலிருந்து தொடங்குவார். படலமாக வழிந்தால்தான் குடுவை அலமாரிக்குப் போகும்.

உயிர்கள் வழக்கமாக இருபது வகை அமினோ அமிலங்களைக் கோத்துப் புரதம் செய்கின்றன. அந்த இருபதில் சேராத ஒன்றைப் பாக்டீரியாவின் புரதத்துக்குள் நுழைத்து, அதை உயிரோடும் வைத்திருக்க முடியுமா என்று நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம். வாளவரை விதையில் கனவனைன் என்ற அமினோ அமிலம் உண்டு. அர்ஜினைனைப் போலவே இருக்கும். செல் ஏமாந்து, அர்ஜினைன் வர வேண்டிய இடத்தில் இதைக் கோத்துவிடும். அந்தப் புரதம் சரியாக வேலை செய்யாது, செல் செத்துப்போகும். அர்ஜினைனைத் தானே செய்துகொள்ளத் தெரியாத ஒரு பாக்டீரியாவைக் கனவனைனுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கி, சாகாத ஒரு வகையைப் பிரித்தெடுக்க வேண்டும். அதுதான் என் ஆய்வு.

விதையைப் பேச்சியக்காதான் ஊரிலிருந்து கொண்டுவருவார்.

“நாங்க ஏழு தண்ணி மாத்தி அவிச்சு, வெசத்தக் கொட்டிட்டுத்தான் திம்போம். நீங்க அவரையக் கொட்டிட்டு வெசத்தப் பத்திரமா எடுத்து வைக்கிய. நல்லாப் படிச்சிய, போங்க.”

“அந்தப் பூச்சி வெசத்தத் தின்னு பொழைச்சாத்தான் எனக்குப் பட்டம்க்கா.”

“பொழைக்கும், பொழைக்கும். எங்க மாமியாகிட்ட நான் பொழைக்கலியா?”

அந்த வருடம் நிரந்தர வேலைக்கான பட்டியலில் அவர் பெயர் இருந்தது. துறைத்தலைவர் சிவசங்கரன் சார் பரிந்துரைக் கடிதம் எழுத வேண்டியதுதான் பாக்கி. நிரந்தரப் பணியாளர்களுக்குக் கல்லூரி நீலச் சேலை கொடுக்கும். “அந்தச் சேலையக் கட்டிட்டு ஊருக்குள்ள ஒரு நட நடக்கணும் பாத்துக்கிடுங்க” என்பார்.

1993 ஆடியில் எங்கள் ஊர் ராதாபுரத்தில் அம்மன் கோயில் கொடைத் திருவிழா வந்தது. அர்ஜினைன் உள்ள கரைசலில் வளர்ந்த செல்களை இயந்திரத்தில் சுழற்றிப் படியவைத்து, உப்புநீரில் மூன்று முறை கழுவிய பிறகே கனவனைன் குடுவைக்கு மாற்ற வேண்டும். பழைய அர்ஜினைன் கூடவே வந்துவிட்டால் அதைத் தின்று செல் வளரும், சோதனை பொய்யாகிவிடும். அன்று சுழற்றத் தொடங்கியதும் கரண்ட் போய்விட்டது. மூன்று மணி பஸ்ஸை விட்டால் கொடை பார்க்க முடியாது. கழுவாமலே செல்களைக் குடுவைகளில் ஊற்றினேன். குறிப்பேட்டில் ‘மூன்று முறை கழுவப்பட்டது’ என்று எழுதிவிட்டுக் கிளம்பினேன்.

திரும்பி வந்தபோது ஆறு குடுவைகளும் நீர்மோர் போலக் கலங்கியிருந்தன. செல்கள் நன்றாக வளர்ந்திருந்தன. சார் மகிழ்ந்துபோய் ஒரு மாநாட்டுக்குச் சுருக்கம் எழுதி அனுப்பிவிட்டார். அப்போது சொல்லியிருந்தால் ஒரு திட்டோடு போயிருக்கும். நான் சொல்லவில்லை.

இரண்டு வாரம் கழித்து சாரே என்னை வைத்துக்கொண்டு சோதனையைத் திரும்பச் செய்தார். மூன்று முறை கழுவினோம். குடுவைகள் கடைசிவரை கலங்கவே இல்லை.

“அப்ப போன தடவ எப்படிம்மா வளந்துச்சு?”

“குடுவையில பழைய கரைசல் ஒட்டியிருந்திருக்கும் சார். சரியாக் கழுவாம…”

தொட்டியில் குழாய்ச் சத்தம் நின்றது. பேச்சியக்கா ஈரக்கையோடு வந்தார்.

“நான் வெளிச்சத்துல பாத்துட்டுத்தான சார் வைப்பேன்?”

“பாத்தாத் தெரியிற அழுக்கு இல்லம்மா அது” என்றார் சார்.

அக்கா என்னைப் பார்த்தார். நான் குறிப்பேட்டைப் பார்த்தேன்.

“பிள்ள சொன்னாச் சரியாத்தான் இருக்கும் சார்” என்றார்.

கடிதம் எழுதப்படவில்லை. அவரைத் தோட்டம் கூட்டும் வேலைக்கு மாற்றினார்கள். ஆறு மாதத்தில் அதற்கும் வருவதை நிறுத்திவிட்டார். நான் வேறு தலைப்பில் ஆய்வை முடித்து, விரிவுரையாளரானேன். ஒருமுறை ஜங்ஷன் பஸ் நிலையத்தில் கூட்டத்தை விலக்கிக்கொண்டு பேச்சியக்கா ஓடிவந்தார். “பட்டம் வாங்கிட்டியளா தாயி?” என்று கையைப் பிடித்தார். தலையை மட்டும் ஆட்டிவிட்டு, பஸ் கிளம்பப்போகிறது என்று ஏறிக்கொண்டேன். பஸ் கிளம்பக் கால்மணி நேரம் ஆனது. வெளியே நின்று சிரித்துக்கொண்டிருந்த அவரை நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.

வியாழக்கிழமை அக்கா வீட்டுக்குத் துட்டி கேட்க, துக்கம் விசாரிக்கப் போனேன். மகள் முத்துராணி என்னை உள்ளே உட்காரவைத்துக் கடுங்காப்பி கொண்டுவந்து வைத்தாள்.

“ஒங்களப் பத்திப் பேசாத நாளே கெடையாது. ‘எங் கை சுத்தமில்லாம ஒரு பிள்ள படிப்பக் கெடுத்துட்டேனே’ன்னு பொலம்பும். நீங்க பட்டம் வாங்குத வரைக்கும் சஷ்டிக்குச் சஷ்டி திருச்செந்தூர் போயி வெரதம் கெடந்துச்சு.”

அவருக்கு உண்மை தெரியும், தெரிந்தேதான் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை என்று இத்தனை வருடம் நினைத்திருந்தேன். அப்படி நினைப்பது எனக்கு வசதியாக இருந்தது. அவரோ நான் சொன்னதை நம்பியிருக்கிறார்.

“முத்துராணி, அக்கா கழுவுனதுல ஒரு கொறையும் இல்ல. நான்தான் செல்லைக் கழுவாம ஊத்துனேன். சார்கிட்டப் பொய் சொன்னேன்.”

அவள் கேட்டாள், “ஒரு கொறையும் இல்லியா?”

“இல்ல.”

“எப்பா, இங்கன வாங்க” என்று பந்தலில் இருந்த தகப்பனார் இசக்கியைக் கூப்பிட்டாள். “இவிய ஒண்ணு சொல்லுதாவ, கேளுங்க.” பிறகு என்னிடம், “அவருக்குக் காது மந்தம். சத்தமாச் சொல்லுங்க” என்றாள்.

பந்தலில் இருந்தவர்களும் திரும்பிப் பார்த்தார்கள். எல்லோருக்கும் கேட்கும்படி மறுபடியும் சொன்னேன்.

இசக்கி பக்கத்திலிருந்தவரிடம் திரும்பி, “அப்ப நம்ம பேச்சி நல்லாத்தான் கழுவியிருக்கா வே” என்றார்.

 முத்துராணி நான் இன்னும் வாய் வைக்காத காப்பியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.