பஸ் குடித்த தேத்தண்ணீர்

எனக்கு எழுத்து கோணலாகத்தான் வரும், படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. மறதியும் உண்டு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

பசறையிலிருந்து பதுளைக்குப் போகிற பஸ் ஏற்றத்தில் நின்றுவிடுகிறது. முன்னால் ஆவி சீறுகிறது. ஓடையெல்லாம் காய்ந்து கிடக்கிற மாதம். பதுளை ஆஸ்பத்திரியில் என் மகள் பிள்ளை பெற்றுப் படுத்திருக்கிறாள். நான்கு மணிக்கு மேல் பார்க்க விடமாட்டார்கள். ஆஸ்பத்திரித் தேத்தண்ணீர் வாயில் வைக்க முடியவில்லை என்று சொல்லியனுப்பியிருந்தாள். அதனால் ஒரு போத்தல் தேத்தண்ணீரைத் துணி சுற்றி மடியில் வைத்திருக்கிறேன்.

எஞ்சினுக்கு ஊற்றத் தண்ணீர் தேடி வந்த டிரைவர் அதைப் பார்த்துவிடுகிறார். "சீனி போட்டீங்களாம்மா?"

"இல்லைங்க. சீனி முந்தானையில முடிஞ்சிருக்கு. உள்ளங்கையில வச்சு நக்கிக்கிட்டுத்தான் குடிப்போம்."

"அப்ப குடுங்க. சூடா இருக்கிறதும் நல்லதுதான், பச்சத்தண்ணிய ஊத்தினா எஞ்சின் வெடிச்சிரும். உச்சிக்குப் போயிட்டா அப்புறம் இறக்கந்தான்."

எண்ணெயில் ஓடுகிற வண்டிக்குத் தண்ணீர் எதற்கு என்று மெதுவாகக் கேட்கிறேன்.

"உள்ளுக்குள்ள எண்ணெய் எரிஞ்சு வெடிச்சு ஒரு தண்டைத் தள்ளுது, தண்டு சக்கரத்தைச் சுத்துது. ஆனா அந்தச் சூட்டுல கொஞ்சந்தான் ஓட்டத்துக்கு. மிச்சம் சும்மா கொதிக்குது. அதை ஆத்தத்தான் தண்ணி."

எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கங்காணியும் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டு போத்தலைக் கொடுக்கிறேன்.

நான்கு அடிக்கச் சற்று முன் வார்டுக்குள் நுழைகிறேன். மகள் என் கையிலிருக்கிற காலிப் போத்தலைத்தான் முதலில் பார்க்கிறாள். நான் அவள் உள்ளங்கையில் சீனியை வைக்கிறேன்.

"தேத்தண்ணி எங்கம்மா?"

"பஸ் குடிச்சிருச்சு."

அவள் நம்பவில்லை. எண்ணெய், தண்டு பற்றி நான் எழுதியது சரிதானா என்று விபரம் தெரிந்தவர்கள் பார்த்துச் சொல்லுங்கள். அவளிடம் காட்ட வேண்டும்.