ஈரவயலுக்கு வந்த டயர் வண்டி

என் வேலை என்ன என்பதைச் சொந்தக்காரர்களுக்கு இன்றுவரை என்னால் சரியாகச் சொல்ல முடிந்ததில்லை. கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறேன், ஆனால் கம்ப்யூட்டரில் ஒரு வரிகூட எழுதுவதில்லை. எழுதுகிறவர்களைத் தினமும் காலை ஒன்பதரைக்கு வட்டமாக நிற்க வைத்து மூன்று கேள்வி கேட்பேன். நேற்று என்ன செய்தீர்கள், இன்று என்ன செய்யப் போகிறீர்கள், தடை ஏதாவது இருக்கிறதா. தடை இருந்தால் அதை நீக்குவது என் பொறுப்பு. இதற்கு ஸ்க்ரம் மாஸ்டர் என்று பெயர். ஒரு கல்யாணப் பந்தியில் இதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அப்போ கங்காணி வேலைன்னு சொல்லு என்றார் என் பெரியப்பா. எனக்குச் சுருக்கென்றது. ஆனால் கங்காணியாவது வயலைச் சுற்றி வந்து பார்த்துவிட்டுத்தான் வேலை முடிந்தது என்பார். நான் அதைக்கூடச் செய்யவில்லை.

எங்கள் அலுவலகம் தஞ்சாவூரில் ஒரு டைல்ஸ் கடையின் மாடியில் இருந்தது. நுழைந்ததும் ஒரு வெள்ளைப் பலகை, அதில் நான்கு வரிசைகள். செய்ய வேண்டியது, நடக்கிறது, சோதனை, முடிந்தது. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு மஞ்சள் சீட்டு. வேலை நகர நகரச் சீட்டும் இடமிருந்து வலமாக நகரும். இதையெல்லாம் கம்ப்யூட்டரிலேயே வைத்துக்கொள்ளலாம்தான், ஆனால் எனக்குக் கண்ணெதிரே இருந்தால்தான் திருப்தி. கடைசி வரிசையில் ஒரு சீட்டை ஒட்டும்போது எனக்கு வருகிற சந்தோஷம் கொஞ்சம் அதிகப்படியானது. அதை இங்கேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

அந்த வருஷம், டெல்டா முழுக்க அறுவடை இயந்திரம் வாடகைக்கு விடுகிற கும்பகோணத்து முதலாளி ஒருவருக்காக ஒரு செயலி செய்துகொண்டிருந்தோம். விவசாயி தன் போனிலேயே வண்டியை முன்பதிவு செய்யலாம். வண்டியில் இரண்டு வகை உண்டு. காய்ந்த வயலுக்கு டயர் வண்டி. ஈரமாக இருந்தால் டயர் புதைந்துவிடும், அங்கே பெல்ட் வண்டிதான் இறங்கும். டயர் கேட்டு வைத்த பிறகு மழை வந்துவிட்டால் பெல்ட்டுக்கு மாற்றிக்கொள்ள ஒரு பொத்தான் வைத்திருந்தோம். அந்தப் பொத்தானால் வந்த வினையைத்தான் சொல்ல வந்தேன்.

எங்கள் ஆறு பேரில் டெஸ்டராக இருந்தது பாபநாசம் பக்கத்துப் பெண். மற்றவர்கள் செய்து முடித்ததை ஓட்டிப் பார்த்து, எங்கே உடைகிறது என்று கண்டுபிடிப்பது அவள் வேலை. அவளுடைய அப்பா ஆயுள் முழுக்க அடுத்தவர் வயலில் கூலிக்கு இறங்கியவர். அந்த வருஷம்தான் முதன்முதலாக ஆறு மா நிலம், அதாவது இரண்டு ஏக்கர், குத்தகைக்குப் பிடித்துத் தானே குறுவை போட்டிருந்தார். மதியம் டப்பாவைத் திறக்கும்போதெல்லாம் அவள் வயல் செய்திதான் சொல்வாள். தூர் கட்டியது, பூத்தது, பால் பிடித்தது என்று எல்லாம் எங்களுக்கு அத்துப்படி. தண்ணீர் தாமதமாக வந்ததால் நடவு தள்ளிப்போய், அறுப்பு ஐப்பசிக்குள் வந்து மாட்டிக்கொண்டது. மழைக்கு முந்தி கரையேறிவிட்டால் போதும் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். எங்கள் செயலியில் பதிவு செய்த முதல் விவசாயி அவளுடைய அப்பாதான். வீட்டிலேயே கஸ்டமர் பிடித்துவிட்டாளே என்று கேலி செய்து நான்தான் முதலில் கை தட்டினேன்.

பொத்தானைச் செய்தவர் மன்னார்குடிக்காரர், எங்களில் மூத்தவர். எல்லோருக்கும் அவர் அண்ணன். யாருக்காவது காய்ச்சல் என்றால் அவர்கள் வேலையையும் சேர்த்து இழுத்துப் போட்டுக்கொண்டு செய்வார். புதிதாக வந்தவர்களுக்கு அவர்தான் எல்லாம் சொல்லிக் கொடுத்தார், அந்தப் பெண்ணுக்கும் சேர்த்து. அப்படிப்பட்ட மனிதரிடம் போய் உங்கள் வேலை சரியில்லை என்று எப்படிச் சொல்வது? இந்த ஊரில் அண்ணே என்று கூப்பிட்ட வாயால் அதைச் சொல்ல வராது. எங்கள் தொழிலோ அதைச் சொல்வதில்தான் ஓடுகிறது.

கோளாறை அவள் கண்டுபிடித்தாள். சிக்னல் குறைவாக இருக்கும்போது பொத்தானை அழுத்தினால், விவசாயியின் போனில் பெல்ட் என்று மாறுகிறது, டிரைவரின் பட்டியலில் டயர் என்றே நிற்கிறது. வயல்வெளியில் சிக்னல் எந்த லட்சணத்தில் இருக்கும் என்று அவளுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. முறைப்படி அதைச் சிவப்பு மையில் எழுதிப் பலகையில் ஒட்டியிருக்க வேண்டும். ஒட்டவில்லை. அண்ணனுடைய நாற்காலிக்குப் பக்கத்தில் போய் மெதுவாகச் சொல்லியிருக்கிறாள், அவரும் நாளைக்குச் சரி செய்துவிடுகிறேன் என்றிருக்கிறார். மறுநாள் காலை வட்டத்தில் நான் தடை ஏதாவது உண்டா என்று கேட்டபோது, ஒண்ணும் இல்லக்கா என்றாள். சொல்வதற்கு முன் ஒருமுறை அண்ணனைப் பார்த்தாள். பதினொரு வருஷமாக இந்த வட்டத்தில் நிற்கிறேன். அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும்.

அதனால் தண்ணீர் கேனுக்குப் பக்கத்தில் அவளைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். எல்லாவற்றையும் சொன்னாள். எனக்கு எரிச்சல்தான் வந்தது, வெட்கமாக இருந்தாலும் அதுதான் உண்மை. வெள்ளிக்கிழமை செயலியை வெளியிட வேண்டும். சென்னையிலிருந்து மேலாளர் தினமும் எத்தனை மீதி என்று கேட்டுக்கொண்டிருந்தார். பலகையில் மீதி இருந்தது அந்த ஒரே ஒரு சீட்டு.

வியாழக்கிழமை சாயங்காலம் அண்ணனிடம் போய் முடிந்ததா என்று கேட்டேன். அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் பதில் சொன்னார்.

"முடிஞ்ச மாதிரிதாங்க."

நம் தமிழில் இப்படி ஒரு வசதி இருக்கிறது. பெண் வீட்டார் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கும்போதே நிச்சயம் ஆன மாதிரிதான் என்போம். கூரையே போடாத வீட்டைக் கட்டி முடித்த மாதிரிதான் என்போம். சொல்கிறவர் பொய் சொல்லவில்லை, கேட்கிறவரும் ஏமாறுவதில்லை. மாதிரி என்கிற அந்தச் சொல்லுக்குள் எவ்வளவு வேலை மிச்சமிருக்கிறது என்று இருவருக்கும் தெரியும், இருவரும் கேட்டுக்கொள்வதில்லை. நானும் கேட்கவில்லை. சீட்டை எடுத்தேன், சோதனை வரிசையைத் தாண்டி நேராக முடிந்தது என்ற வரிசையில் ஒட்டினேன். அந்தப் பெண்ணிடம், அதை அண்ணன் பார்த்துக்கொண்டார், நீ கும்பகோணத்து வண்டி முதலாளிக்குக் காட்ட வேண்டிய படங்களைத் தயார் செய் என்று சொல்லிவிட்டேன். சரிக்கா என்றாள். அவளுடைய முகத்தில் ஒரு நிம்மதி வந்ததைப் பார்த்தேன், அது இப்போதும் என்னைத் தூங்க விடுவதில்லை.

செயலி வெள்ளிக்கிழமை வெளியானது. திங்களன்று கீழ்வானம் கறுத்துக்கொண்டு வந்தது. வங்கக்கடலில் தாழ்வு மண்டலம் என்று எல்லோர் போனிலும் ஒரே செய்தி. அன்று ராத்திரியே மன்னார்குடிப் பக்கம் மழை கொட்டித் தீர்த்தது. செவ்வாயன்று வண்டி முதலாளியின் ஆபீசிலிருந்து கூப்பிட்டு, ஓர் ஊரில் வண்டி மாறிப் போய்விட்டதாகச் சொன்னார்கள். அந்த விவசாயி ஏதாவது மாற்றி அழுத்தியிருப்பார் என்று பதில் சொன்னேன். யோசிக்காமல், தயங்காமல் சொன்னேன். போனை வைத்த பிறகுதான் அந்தச் சீட்டு நினைவுக்கு வந்தது. அண்ணன் அன்று வரவில்லை. மன்னார்குடியில் அவர் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்திருந்தது. சாமான்களைப் பரணில் ஏற்றிக்கொண்டிருக்கிற மனிதரைக் கூப்பிட்டு அந்தப் பொத்தான் என்ன ஆயிற்று என்று கேட்பதா? எனக்குக் கூச்சமாக இருந்தது. வரட்டும் என்று விட்டுவிட்டேன்.

புதன் முழுக்க எங்கள் பக்கமும் மழை. வியாழக்கிழமையும் விடவில்லை, அண்ணனும் வரவில்லை. அவளுடைய அப்பா சனிக்கிழமைக்கு டயர் வண்டி சொல்லி வைத்திருந்தார். வியாழன் மதியம் அவள் போனைக் கையில் வைத்துக்கொண்டு பலகைக்கு முன்னால் வந்து நின்றாள். கடைசி வரிசையை மேலிருந்து கீழாகப் பார்த்தாள். தேடிய சீட்டு அங்கே இருந்தது, நான் ஒட்டிய இடத்திலேயே. பிறகு அப்பாவுக்குப் போன் போட்டு, போனிலேயே பெல்ட்டுக்கு மாற்றிக்கொள்ளும்படி எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்று பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தாள். என் மேஜையிலிருந்து ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது. எழுந்து போய், எதற்கும் வண்டி முதலாளி ஆபீசுக்கும் நேரில் சொல்லி வைத்துவிடு என்று ஒரு வரி சொல்லியிருக்கலாம். சொன்னால் அந்தச் சீட்டை நான் எப்படி நகர்த்தினேன் என்பதையும் சொல்ல வேண்டியிருக்கும். அண்ணன் வெள்ளிக்கிழமைக்குள்ளேயே சரி செய்திருப்பார் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

சனிக்கிழமை காலை ஏழரைக்கு அவளிடமிருந்து போன். குரலில் அழுகை இல்லை, அதுதான் பயமாக இருந்தது.

"அக்கா, டயர் வண்டி வந்து நிக்குது."

மழை விட்டிருந்தது. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். அய்யம்பேட்டை தாண்டியதிலிருந்து இரண்டு பக்கமும் குறுவை சாய்ந்து கிடந்தது. பாபநாசத்துக்கு முன்னால் சாலையை விட்டுப் பிரிந்து வாய்க்கால் கரையோடு போனால் அவர்கள் வயல். டயர் வண்டி மண் பாதையில் ஓரமாக நின்றுகொண்டிருந்தது. டிரைவர் தன் போனைத் தூக்கிக் காட்டினார், அதில் டயர் என்றுதான் இருந்தது. வயலில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர், அதன்மேல் படுத்துக் கிடந்தன கதிர்கள். மழைக்குப் பறிகொடுத்துவிடக் கூடாது என்று அவர்கள் பயந்துகொண்டிருந்த அதே ஆறு மா. ஓரத்தில் ஒரு கதிரை நிமிர்த்திப் பார்த்தேன். இரண்டு நெல்லில் வெள்ளையாக முளை எட்டிப் பார்த்தது.

அவளுடைய அப்பா என்னைப் பார்த்ததும் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார். என் வயதுக்கு அவர் அதைச் செய்திருக்க வேண்டியதில்லை.

"வாங்க மேடம். நான்தான் எதையோ தப்பா அழுத்திட்டேன் போலருக்கு. உங்களுக்கு வீண் அலைச்சல்."

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள். யார் முகத்தையும் பார்க்காமல், ஆமாப்பா, நீ சரியா அழுத்தியிருக்க மாட்டே என்றாள்.

என்னைக் காப்பாற்றினாள். சொந்த அப்பாவைத் தப்புக்காரராக்கி, ஆபீசிலிருந்து வந்திருக்கிற அக்காவின் மானத்தைக் காப்பாற்றினாள். அவரும் தலையை ஆட்டி அதை ஏற்றுக்கொண்டார். எனக்குத் தாங்கவில்லை. இனியும் பேசாமல் நின்றால் நான் மனுஷியே இல்லை என்று தோன்றியது.

"இல்லைங்க, உங்க மேல ஒரு தப்பும் இல்ல. அதுல கோளாறு இருக்குன்னு எங்களுக்கு முன்னாடியே தெரியும்."

எங்களுக்கு. வேலையில் எனக்கு ஊறிப்போன பழக்கம் அது. எந்தத் தவறையும் ஒருவர் தலையில் கட்டக் கூடாது, குழுவின் தவறு என்றுதான் பேச வேண்டும் என்று பயிற்சியில் சொல்லித் தருவார்கள், நானும் வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். எனக்குத் தெரியும் என்று சொல்லியிருந்தால் அது என்னோடு நின்றிருக்கும். அவர் நான் சொன்ன சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டார். என்னை விட்டுவிட்டு மகள் பக்கம் திரும்பினார்.

"உனக்கும் தெரியுமாம்மா?"



"தெரியும்ப்பா."

அவளிடம் சரியாகிவிட்டது என்று சொன்னது நான்தான், அதை நம்பித்தான் உங்களை மாற்றச் சொன்னாள் என்று ஆரம்பித்தேன். இருங்க மேடம் என்று கையைக் காட்டினார். கோபமாக இல்லை, மரியாதையாகவே காட்டினார். டிரைவரிடம் பெல்ட் வண்டி எப்போது கிடைக்கும் என்று கேட்டார். எல்லாம் திருவாரூர்ப் பக்கம் போயிருக்கின்றன, நாலு நாள் ஆகும் என்றார் டிரைவர். அவளுடைய அப்பா வயலில் நின்ற தண்ணீரைப் பார்த்தார். பிறகு கரையோடு நடந்து வீட்டுக்குப் போய் இரண்டு அரிவாளோடு வந்தார். ஒன்று அவருக்கு. இன்னொன்று, பின்னாலேயே சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வந்துகொண்டிருந்த அவருடைய மனைவிக்கு.

அவள் பேண்ட்டை முழங்கால்வரை மடித்துவிட்டு, அம்மாவுக்கு வைத்திருந்த அரிவாளுக்குக் கையை நீட்டினாள். அப்பா கொடுக்கவில்லை.

"நீ போம்மா. உங்க மேடம் வந்திருக்காங்கல்ல, அவங்களோட போ."

சொல்லிவிட்டு வரப்பிலிருந்து இறங்கினார். தண்ணீர் அதிகமாக நின்ற மூலையிலிருந்து அறுக்க ஆரம்பித்தார்கள். அவள் மடித்த பேண்ட்டோடு என் பக்கத்தில் நின்றாள். நான் ஸ்கூட்டரைத் திருப்பி வைத்துக்கொண்டு காத்திருந்தேன். அவள் ஏறவில்லை, வயலிலும் இறங்கவில்லை.