செத்ததாகக் கிடந்தது

தார்ப்பாயை இழுத்து மூடுமுன் ஜெபகுமார் குனிந்து, பெட்டி அடுக்கைப் பார்த்து மூன்று மொழியில் கூப்பிடுவார். "கோணி ஆஹே கா? கோயி ஹை? உள்ள யாரும் இருக்கியளா?" பிறகு பத்து எண்ணுவார். வடக்கே சாகண் ஊர்க் கிடங்கில், வெளிநாட்டிலிருந்து வரும் மரப்பெட்டிகளுக்குப் பூச்சி சாக விஷவாயு விடுவது அவர் வேலை. பெட்டிக்குள் மனுஷன் எங்கே இருப்பான் என்று சிரிக்காத ஆளில்லை.

அவர் அதைச் சட்டை செய்வதில்லை. பதினோரு வருஷத்துக்கு முன் வாயுக் குழாய் கசிந்து மயங்கி விழுந்த அவரை, மூச்சில்லை என்று இதே போன்ற தார்ப்பாயால்தான் மூடினார்கள். முக்கால் மணி நேரம் காது மட்டும் கேட்டது. ஒருவன் அவர் வீட்டு நம்பரைத் தேடினான். இன்னொருவன் டீ சொன்னான். விரலை அசைக்க என்ன பாடுபட்டும் முடியவில்லை. கால் கட்டைவிரல் துடித்ததை ஆம்புலன்ஸ்காரர் பார்த்ததால் தாபோடியில் இருந்த வீட்டுக்கு உயிரோடு திரும்பினார். அன்றிலிருந்து எதையும் செத்தது என்று சட்டென்று சொல்லமாட்டார். கிடைக்கிற பூச்சியை வெள்ளைத்தாளில் மல்லாத்தி, ஸ்டூலைப் போட்டு அரைமணி பார்ப்பார்.

போன செவ்வாய், வாயு விட்ட அமெரிக்கப் பெட்டியின் பலகை இடுக்கில் ஒன்று கிடந்தது. மிளகளவு, காய்ந்த சேற்று நிறம், முதுகு முழுக்க ஒரே ஓடு. பூச்சியியல் படிக்கும் அக்காள் மகள் ஜெனிபருக்குப் படம் அனுப்பினார்.

"ஆமைப்பூச்சி மாமா, நார்த் அமெரிக்கா சைடு. இந்த ஜாதி பத்தி யாருக்கும் ஜாஸ்தி தெரியாது. தொட்டா செத்த மாதிரி கிடக்கும். ஜல்தி நம்பாதீங்க."

"மர் கயா, ஜெபா பாய். சைன் கரோ," செத்துப்போச்சு என்று அடித்துச் சொன்னார் சூப்பர்வைசர் மனோஜ். கையெழுத்துப் போட்டால் லாரி கிளம்பும். உயிர் இருந்தால் மொத்தப் பெட்டிக்கும் மறுபடி வாயு.

இருபத்தெட்டாவது நிமிஷம் பின்னங்கால் ஒன்று மெல்ல நீண்டு மடங்கியது. ஜெபகுமாருக்குக் கால் கட்டைவிரல் சில்லிட்டது. வேறு யாரும் பார்க்கவில்லை. பேசாமல் இருந்துவிடலாம், ஆனால் வெளியே போய் எந்த வயலில் பெருகுமோ.

"ஜிந்தா ஹை," உயிரோடு இருக்கிறது என்றார்.

மறுபடி வாயு விடுவதற்காக, எடுத்த இடுக்கிலேயே அதை வைத்தார். அது மறுபடி செத்ததாகக் கிடந்தது. கேட்டுக்கொண்டிருக்கிறது என்று அவருக்குத் தோன்றியது.

தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். பின்னால் நின்றவர்கள் வழக்கமான மூன்று மொழிக் கூப்பாட்டுக்காகக் காத்திருந்தார்கள். ஜெபகுமார் வாயைத் திறக்காமல் தார்ப்பாயை இறக்கி, ஓரத்தில் மணல்பையை வைத்தார்.