கழற்றிய மாலை

சென்ற ஆண்டு ஐப்பசி: என் மனைவி இறந்தாள். தை: சென்னை வீட்டை விற்றேன். பங்குனி: பெரிய காஞ்சிபுரத்தில் ஆறு அறைகள் கொண்ட ஒரு விடுதியை வாங்கினேன். வைகாசி, முதல் முகூர்த்த வாரம்: மூன்று குடும்பங்கள் வாசல்வரை வந்து திரும்பின.

மூன்றாவது குடும்பம் போனதும், அறைகளைத் துடைக்கும் அம்மாள் துடைப்பத்தைச் சுவரில் சாத்தினார்.

“ஏன் ஐயா, கண்ணாலப் பொடவ எடுக்க வர்றவங்க, உள்ள காலு வெக்கும்போதே மால போட்ட படம் எதுர்ல இருந்தா எப்டி தங்குவாங்க? அம்மாவ உள் ரூம்ல வெய்ங்க.”

வரவேற்பு மேசைக்கு மேலே என் மனைவியின் படத்தைச் சந்தன மாலையோடு மாட்டியவன் நான்தான். இவ்வூருக்கு வருகிறவர்கள் எதற்காக வருகிறார்கள் என்பது, தர்க்கம் கற்பித்தே ஓய்வு பெற்றவனுக்குத் தோன்றவில்லை. ஆட்கள் தங்காவிட்டால் விடுதியை மூட வேண்டும். எனக்கு வேறு வீடும் இல்லை. இருந்தும் படத்தை இறக்கக் கை எழவில்லை. மாலையை மட்டும் கழற்றினேன்.

மறுநாள் திண்டிவனத்துக் குடும்பம் ஒன்று வந்தது. மணப்பெண்ணின் தாய் படத்தைப் பார்த்தார்.

“வூட்டுக்காரம்மாவா? ஊருக்குப் போயிருக்காங்களா?”

“ஆமாம்” என்றேன். தங்கினார்கள்.

அன்று சாயங்காலம் அந்தத் தாய் புடவைப் பெட்டியோடு என்னிடம் வந்தார். “ஒரு பெரிய சுமங்கலி கையால தொட்டுக் குடுத்தா நல்லது. அம்மா எப்ப வருவாங்க? நாளைக்கு மத்தியானம் வரிக்கும் இருப்போம்.”

பொய்யை நீட்டிக்க எனக்கு வலு இல்லை.

“வரமாட்டா, அம்மா. ஐப்பசியில தவறிட்டா. நீங்க வேற இடம் போறதா இருந்தா ஆட்டோ கூப்பிடறேன்.”

அவர் படத்தை மறுபடி நிமிர்ந்து பார்த்தார். “மாலையோட பாத்திருந்தா நானும் திரும்பித்தான் போயிருப்பேன், இல்லன்னு சொல்லல. அதுக்காக, பூவும் பொட்டுமா போன மகராசிய ஊருக்கு அனுப்பிட்டீங்களே! நல்ல ஆளுபா நீங்க.”

செருப்பைக் கழற்றி விட்டு, பெட்டியைத் திறந்து படத்தின்கீழ் வைத்தார். எம்பி நின்று, கண்ணாடிமேல் குங்குமம் இட்டார். மகளை அழைத்து விழுந்து கும்பிடச் சொன்னார்.

கணவனுக்கு முன்னால் போனவளுக்கு உரிய மரியாதை அது. பின்னால் இருப்பவனுக்கு அதில் வேலை ஏதும் இல்லை. அவர்கள் எழும்வரை ஓரமாக நின்றேன். கால் வலித்தது.

அடுத்த முகூர்த்தத்துக்குத் தன் நாத்தனார் குடும்பத்தை அனுப்புவதாகச் சொல்லிப் போனார்.

இன்னும் செய்யாதவை:

மூன்றாம் அறைத் தாழ்ப்பாளை மாற்றுவது.
நாத்தனார் குடும்பத்துக்கு இரண்டு அறைகள் ஒதுக்குவது.
மாலையை மறுபடி போடுவதா என்று முடிவு செய்வது.
கண்ணாடியில் உள்ள குங்குமத்தைத் துடைப்பது.