முள்ளை மறைத்த பொட்டு

விறகு அடுப்பில் ஊருக்குச் சமைக்கிற என்னைப் போன்றவர்களே, கண் எரிச்சல் நமக்குப் பழகிவிட்டது. தலைக்கு மேலே போகிற புகைக்குழாயைத்தான் நாம் நிமிர்ந்து பார்ப்பதே இல்லை.

மேரி வீட்டுச் சுவர்

தண்டையார்பேட்டையில் ஒரு சந்தில், குடோனில் மூட்டை தூக்குகிறவர்களுக்கு மதியச் சாப்பாடு போடுகிறேன். என் புகைக்குழாய் பக்கத்து வீட்டு மேரியின் சுவரை ஒட்டி மேலே போகிறது. ஒருநாள் குழாய்க்குள் படிந்திருந்த கரி தீப்பிடித்து, சுவர் கறுத்துவிட்டது. அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் அவள் கைக்குழந்தை தூளியில் தூங்கிக்கொண்டிருந்தது. கையெடுத்துக் கும்பிட்டேன். அவள் கத்தவில்லை.

"இன்னொரு தபா இப்டி ஆச்சுன்னா அடுப்ப எடுத்துடணும்க்கா. நீயும் புள்ள பெத்தவதானே."

அண்டாவில் விழுந்தது

அத்திப்பட்டு அனல் மின் நிலையத்தில் வேலை செய்யும் என் மகன் குமார், குழாயின் சூட்டைக் காட்டும் வட்ட மீட்டர் ஒன்று கொடுத்தனுப்பினான். பின்னால் காந்தம். முள் சிவப்புக்குப் போனால் விறகை இழுத்துவிட வேண்டும், அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை வந்து மாட்டுகிறேன் என்றான். எனக்குப் பொறுக்கவில்லை. கண்ணுக்கு நேரே இருக்கட்டும் என்று, குழாய் அடுப்பை விட்டுக் கிளம்புகிற இடத்திலேயே ஒட்டினேன். அந்தச் சூட்டில் காந்தத்தின் பிடி விட்டு, மீட்டர் குழம்பில் விழுந்தது. கரண்டியால் துழாவி எடுத்ததை மூட்டை தூக்கும் ஏழுமலை பார்த்துவிட்டார்.

"இன்னாம்மா, இன்னிக்கு கொழம்புல கடியாரமா?"

வெள்ளிக்கிழமை

குமார் வந்து திட்டிக்கொண்டே, அடுப்புக்கு ஒரு முழம் மேலே குழாயில் துளை போட்டு, வேறு மீட்டரைத் திருகினான். அடுத்த வெள்ளிக்கிழமை காலையில், அந்தக் குழந்தைக்கு ஒன்றும் ஆகக் கூடாது என்று வேண்டிக்கொண்டு, மீட்டருக்குச் சந்தனம் குங்குமம் வைத்தேன். பொட்டு கொஞ்சம் பெரிதாகிவிட்டது. அன்றைக்கு விறகு நன்றாகக் காய்ந்திருந்தது, தீ மளமளவென்று எரிந்தது. உலை கொதிக்கும்போது இரண்டு தடவை நிமிர்ந்து பார்த்தேன். பொட்டுதான் தெரிந்தது, மனசுக்கு நிம்மதியாக இருந்தது.

"அக்கா, சொவரு சுடுது" என்று மேரி என் ஜன்னலில் வந்து நின்றாள். முந்தானையால் பொட்டைத் துடைத்தேன். முள் சிவப்புக்குள் போயிருந்தது. விறகை எல்லாம் வெளியே இழுத்தேன். முள் இறங்கும்வரை இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். அடுப்பை எடு என்பாள் என்று காத்து நின்றேன். அவள் தன் வீட்டுக்குள் போய், தூளியை அவிழ்த்து எதிர்ப்பக்கக் கொக்கியில் மாட்டிவிட்டு வந்தாள்.

"நீ சாமிய கும்புடுக்கா. முள்ள நான் பாத்துக்கறேன்."

இப்போதும் வெள்ளிக்கிழமைகளில் பொட்டு வைக்கிறேன், மீட்டருக்கு ஒரு சாண் தள்ளி.